சமூக நீதி வாரம் நடத்த வேண்டும், "ஆடுவதற்கு மட்டும் கூப்பிடுகிறீர்கள்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பாதி_அரங்கம் எழுதியது:

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு மாணவன், இந்த வருடம் மாணவர் பேரவையில் கலைச் செயலாளர். அந்தப் பதவிக்கு நின்றது நான் ஒருவன்தான், அதனால் ஜெயித்தேன், அது வேறு கதை. எங்கள் கல்லூரியில் வருடா வருடம் ஐந்து நாள் பண்பாட்டு வாரம் நடக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ அதோடு 'சமூக நீதி' என்பதையும் சேர்த்து பேனர் அடித்துவிட்டார்கள். பெயர் மாறியதே தவிர நிகழ்ச்சி மாறவில்லை. முதல் நாள் தொடக்க விழா, மறுநாள் அவரவர் மரபு உடை, பிறகு ஆட்டம் பாட்டு, நாலாம் நாள் ஒரு சிறப்புப் பேச்சு, கடைசி நாள் பரிசு. சமூக நீதி என்பது அந்த நாலாம் நாள் பேச்சு மட்டும்தான். போன வருடம் முந்நூறு பேர் உட்காரும் அரங்கத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், அதிலும் பாதிப்பேர் வருகைப்பதிவுக்காக வந்தவர்கள். பேச்சாளர் நன்றாகத்தான் பேசினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து எத்தனை பேர் போனைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், அப்புறம் நானும் போனை எடுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவாக இருக்கும் ஒரு சமூகத்து மாணவியிடம் போன வாரம் போய், இந்த வருடமும் உங்கள் ஆட்டம் ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். அவள் பையை மாட்டிக்கொண்டே, "ரெண்டு வருஷமா ஆடத்தான் கூப்பிடுறீங்க. விடுதியில எங்களை என்ன பேர் வச்சுக் கூப்பிடுறாங்கன்னு ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். கேட்டதில்லை. 'சாரி' என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கையில் இருப்பது அரங்கம் இரண்டு மாலை, திடல் மூன்று நாள், கொஞ்சம் பணம். பேச்சாளர் யார், தலைப்பு என்ன என்று மூன்று வாரத்துக்கு முன்பே எழுதித் தர வேண்டும், அதோடு 'சர்ச்சை எதுவும் வேண்டாம்' என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களை மேடையேற்றி அவர்கள் கஷ்டத்தைச் சொல்லவைத்து நாங்கள் கைதட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதே சமயம் அவர்கள் இல்லாமல் நாங்களே பேசினால் அதுவும் கேலிக்கூத்து. இதையெல்லாம் நடத்திப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


பழைய_செயலாளர் எழுதியது:

தம்பி, எனக்கும் இதே பதவி, இதே குழப்பம், ஆனால் என்னிடம் யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. உன்னிடம் ஒருத்தி சொல்லியிருக்கிறாள், அந்த வகையில் நீ என்னைவிட முன்னால்தான் நிற்கிறாய். அவளிடம் திரும்பப் போ. ஆனால் அவளைத் தூக்கிக் குழுவில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதே. ஒருத்தியை மட்டும் சேர்த்தால் அவள் தன் ஆட்கள் எல்லாருக்கும் வக்கீல் ஆகிவிடுவாள், நாளைக்கு எது சொதப்பினாலும் "அவள்தான் குழுவில் இருந்தாளே" என்பீர்கள். ஒரு திறந்த கூட்டம் போடு. பேரவை அறையில் வேண்டாம், அங்கே அவர்களுக்கு ஏற்கெனவே கால் கூசும். விடுதியிலோ மரத்தடியிலோ வை. முக்கியமாக, நிகழ்ச்சி நிரலைத் தயாரித்து எடுத்துக்கொண்டு போகாதே. நிரலை அச்சடித்துக் காட்டிவிட்டுக் 'கருத்து சொல்லுங்கள்' என்றால் எவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், நீ செய்துவிடாதே. 'அடி வைக்கும் பயிற்சி' என்று ஒன்று உண்டு, பல கல்லூரிகளில் நடத்துகிறார்கள். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, நடத்துபவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். உன் பெற்றோர் கல்லூரிக்குப் போயிருந்தால் ஓர் அடி முன்னே வை, பணம் இல்லாமல் படிப்பை நிறுத்தும் பயம் உனக்கு எப்போதாவது வந்திருந்தால் ஓர் அடி பின்னே வை, இப்படி. பாதிக்கு மேல் போனதும் நான் திரும்பிப் பார்த்தேன். முதலாண்டுப் பையன் ஒருவன் தன்னந்தனியாகப் பின்சுவரில் முதுகு ஒட்டி நின்றுகொண்டிருந்தான், அதற்கு மேல் பின்னே போக இடமில்லை. அடுத்த வரி வாசித்ததும் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அது கட்டியிருந்த லேஸ்தான். பயிற்சி முடியும்வரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். முன்வரிசையில் நின்றவர்கள் எல்லாம் "கண் திறந்தது" என்று கருத்துப் படிவத்தில் எழுதினார்கள். அவன் படிவமே தரவில்லை. மற்றவர்கள் கண் திறக்க அவன் ஏன் சுவரில் ஒட்ட வேண்டும்?

இதையே வேறு விதமாகவும் செய்யலாம். ஐரோப்பிய மன்றம் மனித உரிமைக் கல்விக்காகப் போட்ட கையேட்டில் இருக்கிறது: ஆளுக்கு ஒரு சீட்டு, அதில் ஒரு கற்பனைப் பாத்திரம் எழுதியிருக்கும், அந்தப் பாத்திரமாக நின்று அடி வைக்க வேண்டும். யாருடைய சொந்தக் கதையும் வெளியே வராது, ஆனால் கோடு கலைவதை எல்லோரும் பார்ப்பார்கள்.

மனித நூலகம் கேள்விப்பட்டிருப்பாய். 2000இல் டென்மார்க்கில் ரோஸ்கில்டே இசை விழாவில் தொடங்கியது. புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை அரைமணி நேரம் 'இரவல்' எடுத்து அவரிடம் பேசலாம், கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கவனமில்லாமல் செய்தால் அதுவும் காட்சிப்பொருள் ஆக்கும் வேலையாகிவிடும். 'புத்தகமாக' உட்காருபவர் தானாக வந்திருக்க வேண்டும், எதைப் பற்றிப் பேசுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும், பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போகவும் அவருக்கு உரிமை வேண்டும். அந்தப் பெயரைப் போட்டு நடத்துவதானால் அந்த அமைப்பிடம் அனுமதி கேட்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபோரம் நாடகம்தான். பிரேசிலைச் சேர்ந்த அகஸ்டோ போவால் உருவாக்கியது, அவரை 1971இல் ராணுவ ஆட்சி கைது செய்து, பிறகு அவர் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. முறை இதுதான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு சின்ன நாடகம், அதில் ஒருவர் ஒடுக்கப்படுகிறார், கதை தோல்வியில் முடிகிறது. உடனே அதே நாடகத்தை மறுபடி முதலிலிருந்து போடுவீர்கள். இந்தத் தடவை பார்வையாளர் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று கத்தலாம், மேடையேறி ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு விதமாக நடந்து பார்க்கலாம். ஒடுக்குபவரின் இடத்தை எடுக்கக் கூடாது, அதுதான் இதில் சூட்சுமம். ஒடுக்குபவர் விடுதி வார்டன் என்று வை, அவர் திடீரென்று நல்லவராக மாறிவிட்டால் நாடகம் முடிந்தது, யாரும் எதுவும் கற்கவில்லை. வார்டன் அப்படியேதான் இருப்பார், நீ என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் கேள்வி. நாங்கள் விடுதி அறை ஒதுக்கீட்டை வைத்து ஒன்று போட்டோம். முதலில் ஏறியவன் வீரமாக வசனம் பேசினான், வார்டனாக நடித்தவன் அசையவே இல்லை, "எழுதிக் கொடு, பார்க்கலாம்" என்றான், அரங்கமே சிரித்தது. நாலாவதாக ஏறிய பெண் வசனமே பேசவில்லை. பக்கத்து அறைப் பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டு வந்து மேசையைச் சுற்றி நிற்கவைத்தாள். அன்று போனை யாரும் தொடவில்லை என்று சொல்லலாம்.


மூன்றாம்_மாடி எழுதியது:

நான் சக்கர நாற்காலியில் இருப்பவள், முதுகலை. மேலே பேசாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இளங்கலை படித்த இடத்தில் 'சமத்துவம்' பற்றிக் கருத்தரங்கு, இடம் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. நான் கீழே நின்று போன் செய்தேன். நாலு பையன்கள் ஓடிவந்து, கேட்கக்கூட இல்லை, நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒரு திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது, நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ அந்த வருட ஆண்டறிக்கையில் 'மாணவர் ஒற்றுமை' என்ற தலைப்பில் வந்தது. என் முகத்தைப் பார்த்தால் தெரியும், பயத்தில் வாய் கோணியிருக்கும்.

அதனால் தம்பி, பேச்சாளரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போ. சாய்தளத்துக்குப் பல இடங்களில் சொல்லும் கணக்கு 1:12, அதாவது ஒரு செ.மீ. ஏற்றத்துக்கு 12 செ.மீ. நீளம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாய்தளம் என்று சொல்லாதே, அதில் நான் ஏறமாட்டேன், உருண்டுதான் வருவேன். மைக் விஷயம் அடுத்தது. "எனக்கு மைக் வேண்டாம், என் குரல் நன்றாகக் கேட்கும், கேட்கிறதுதானே?" என்று ஒவ்வொரு பேச்சாளரும் கேட்பார். கேட்காதவர் எப்படிக் கையைத் தூக்குவார், அவருக்குக் கேள்வியே கேட்கவில்லையே! மைக்கைக் கொடுத்துப் பேசச் சொல், கேள்வி கேட்பவருக்கும் மைக். காது கேளாத மாணவர் ஒருவர் வருவதாக இருந்தாலும் சைகை மொழிபெயர்ப்பாளர் இரண்டு பேர் வேண்டும், ஒருவரே இரண்டு மணி நேரம் கை ஓயாமல் செய்ய முடியாது, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மாறிக்கொள்வார்கள். இவர்களைக் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள், இன்றே கேள்.

உன் தோழி சொன்ன 'ஆடத்தான் கூப்பிடுறீங்க' என்பதைப் படித்ததும் எனக்கு கேலடெட் ஞாபகம் வந்தது. அது வாஷிங்டனில் காது கேளாதவர்களுக்கான பல்கலைக்கழகம், 1864இல் இருந்து இருக்கிறது. 1988 மார்ச்சில் தலைவர் பதவிக்கு இறுதிச் சுற்றில் மூன்று பேர், அதில் இரண்டு பேர் காது கேளாதவர்கள். நிர்வாகக் குழு மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தது, காது கேட்கும் ஒருவரை, அவருக்குச் சைகை மொழியும் தெரியாது. மாணவர்கள் வாசலை அடைத்துவிட்டார்கள். ஒரு வாரம். அவர் விலகினார், ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார், 124 வருடத்தில் முதல் காது கேளாத தலைவர். அதுவரை அவர்கள் பண்பாட்டை யாரும் பாராட்டாமல் இல்லை, சைகை மொழி அழகு, அவர்கள் நாடகம் அழகு என்றெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தலைவர் பதவி என்று வரும்போதுதான் கை நடுங்கியது.


வேலியோரம் எழுதியது:

எல்லோரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த 'வாரம்' கொண்டாடுவதே நிர்வாகத்துக்கு வசதியான ஏற்பாடு. ஐந்து நாள் கத்திவிட்டு மீதி நாள் சும்மா இருப்பீர்கள், அவர்களும் இணையதளத்தில் போட்டோ போட்டுக்கொள்வார்கள்.

ஒன்று யோசியுங்கள். பிப்ரவரி 20 ஐ.நா. அறிவித்த உலக சமூக நீதி நாள், 2009இல் இருந்து அனுசரிக்கிறார்கள். இந்தத் திரியில் எத்தனை பேருக்குத் தெரியும்? மறுநாள் 21, தாய்மொழி நாள், அது பலருக்குத் தெரியும். ஏன்? 1952இல் டாக்காவில் மாணவர்கள் மொழிக்காகத் தெருவில் இறங்கிக் குண்டடிபட்டுச் செத்தார்கள், அதனால் அந்த நாளுக்கு உயிர் இருக்கிறது, யுனெஸ்கோ 1999இல்தான் அதை உலகத்துக்கு அறிவித்தது. மார்ச் 21 இனப்பாகுபாடு ஒழிப்பு நாள், 1960இல் தென்னாப்பிரிக்காவில் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்த நாள். நவம்பர் 17 மாணவர் நாள், 1939இல் நாஜிகள் பிராகாவில் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை வதைமுகாமுக்கு ஏற்றி, செக் பல்கலைக்கழகங்களை மூடிய நாள். இந்த நாட்களுக்குத்தான் நீங்கள் பலூன் கட்டி செல்ஃபி சட்டகம் வைக்கிறீர்கள்.

பாடத்திட்டத்தில் இடம் வேண்டும் என்றால் வேலைநிறுத்தம் செய்யுங்கள். சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் 1968 நவம்பர் 6 அன்று தொடங்கினார்கள், கறுப்பின மாணவர் சங்கமும் மற்ற சிறுபான்மை மாணவர்களின் கூட்டணியும் சேர்ந்து 15 கோரிக்கை வைத்தார்கள், அடுத்த வருடம் மார்ச் வரை விடவில்லை. எல்லாக் கோரிக்கையும் கிடைக்கவில்லை, ஆனால் இனவியல் படிப்புகளுக்கென்று தனிப் பள்ளியே வந்தது. மரபு உடை அணிவகுப்பு நடத்தி யாருக்காவது ஒரு துறை கிடைத்திருக்கிறதா?


பழைய_செயலாளர் எழுதியது:

வேலியோரம், பலூன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் உதாரணத்தையே முழுதாகப் பாருங்கள். அந்த வேலைநிறுத்தம் 1968இல் ஒரு காலையில் திடீரென்று முளைக்கவில்லை. அதற்குச் சில வருடம் முன்பிருந்தே அங்கே மாணவர்கள் 'பரிசோதனைக் கல்லூரி' என்று தாங்களே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள், கறுப்பினத்தாரின் வரலாறும் பண்பாடும் முதலில் அங்கேதான் பாடமாயிற்று. கூடி உட்கார்ந்து பழகியவர்கள்தான் பிறகு வாசலில் போய் நின்றார்கள். இரண்டாம் ஆண்டுப் பையன் ஆறு வாரத்தில் வேலைநிறுத்தம் நடத்த முடியாது, நாலு பேரை உட்கார வைக்க முடியும். அதைச் செய்யட்டும்.


சாக்பீஸ்_தூள் எழுதியது:

நான் ஆசிரியை, மாணவர் நிகழ்ச்சிகளுக்கான பொறுப்பும் சில வருடம் என் தலையில் இருந்தது. அலுவலகம் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நிர்வாகத்துக்குத் தலைப்பைப் பார்த்துப் பயம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். சில சமயம் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அவர்களுடைய பயம், எதிர்பாராமல் ஏதாவது நடந்து அதற்கு யார் பதில் சொல்வது என்பதுதான். 'சாதி, இனம், பாலினம் குறித்த உரையாடல்' என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தால் அதைப் படிப்பவர் மனதில் மிக மோசமான காட்சிதான் ஓடும். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, யார் நடத்துகிறார், யாராவது கத்தினால் யார் எழுந்து போய்ப் பேசுவார், எந்தப் பாடத்தோடு தொடர்பு, எந்த ஆசிரியர் உடன் இருப்பார், இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடு. அனுமதி கேட்பதைவிட 'இப்படி நடத்துகிறோம், இன்னின்ன ஏற்பாடு' என்று சொல்லும் கடிதம் சீக்கிரம் நகரும். 'சர்ச்சை வேண்டாம்' என்று வாயால் சொன்னார்கள் என்கிறாய் அல்லவா, பணிவாக ஒரு மின்னஞ்சல் போடு: 'நேற்று தாங்கள் சொன்னபடி எந்தத் தலைப்புகளைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்'. வாயால் மறுப்பது சுலபம், எழுதி மறுக்க ஒரு காரணம் வேண்டும். பாதித் தடைகள் அந்த மின்னஞ்சலிலேயே காணாமல் போய்விடும், நான் பார்த்திருக்கிறேன்.

மறுத்தாலும் வழி இருக்கிறது. டீச்-இன், அதாவது ஒரு பிரச்சினையைப் பற்றி வளாகத்திலேயே கூடி நடத்தும் திறந்த வகுப்பு, அந்தச் சொல்லே அப்படிப் பிறந்ததுதான். 1965இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வியட்நாம் போரை எதிர்த்து ஒருநாள் வகுப்பு எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அரசியல்வாதிகளும் நிர்வாகமும் பாய்ந்தார்கள், வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்று. சரி, வகுப்பை நிறுத்தவில்லை, கூடுதலாக வகுப்பு எடுக்கிறோம் என்று மாற்றிக்கொண்டார்கள், யோசனை மார்ஷல் சாலின்ஸ் என்ற மானுடவியல் ஆசிரியருடையது. மார்ச் 24 இரவு தொடங்கி 25 காலை வரை, சுமார் மூவாயிரம் பேர். நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்து கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னபோது வெளியே குளிரில் நின்று தொடர்ந்தார்கள். ஆசிரியர் பாடம் எடுப்பதை யார் தடுக்க முடியும்? அந்த வருடமே நாடு முழுக்கப் பல வளாகங்களுக்குப் பரவிவிட்டது.

இன்னும் ஒன்று, வருகைப்பதிவு தருகிறோம் என்று கூட்டம் சேர்க்காதே. நாற்பது பேர் விரும்பி வந்தால் போதும். நானூறு பேரைக் கட்டி இழுத்து வந்தால் பின்வரிசையில் ஒரு கமெண்ட் பறக்கும், அதைக் கேட்கப் போவது உன் தோழிதான், நீ இல்லை. அப்புறம் வெளியிலிருந்து வரும் பேச்சாளருக்குப் பணமும் சால்வையும் தருகிறீர்கள், உங்கள் கல்லூரி மாணவியே ஒரு மாலை முழுக்கத் தன் அனுபவத்தைப் பேசினால் நன்றி மட்டும் சொல்கிறீர்கள். அவளுக்கும் அதே தொகையைக் கொடுங்கள். பட்ஜெட்டில் அந்த வரியைச் சேர்க்கும்போது பேரவையில் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார், நிறையப் புரியும்.


பாதி_அரங்கம் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

விடுதிப் பொதுஅறையில் கூட்டம் போட்டோம். பதினோரு பேர் வந்தார்கள். பழைய_செயலாளர் அண்ணா சொன்னபடி வெறுங்கையோடு போனேன், நோட்டுகூட எடுத்துப் போகவில்லை, அதனால் முதல் அரைமணி நேரம் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒருவன், "இரவு வருகை எடுக்கும்போது என் பெயரை ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை, முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு 'அதான் அந்த நீளப் பெயர்' என்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்" என்றான். அவ்வளவுதான், வரிசையாக வந்தது. நான் ஏதோ பெரிய பெரிய கோரிக்கை வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததெல்லாம் இப்படித்தான்: பெயரை ஒழுங்காகக் கூப்பிடுவது, பட்டப்பெயரை வைத்துக் கூப்பிடும் சீனியரை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் அறையை மாற்றுவது சொன்னவனையா சொல்லப்பட்டவனையா. இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

ஃபோரம் நாடகம் அதை வைத்தேதான். இரவு வருகைப் பதிவு, பன்னிரண்டு நிமிடம். நடிப்பது கூட்டத்துக்கு வந்தவர்கள் இல்லை, எங்கள் பேரவைக்காரர்கள், எழுதிக் கொடுத்தது மட்டும் கூட்டத்துக்கு வந்தவர்கள். எனக்கு வார்டன் வேடம். பெயர்களைத் தப்பாகப் படிக்க ஒத்திகை பார்க்கிறேன், ரொம்பச் சுலபமாக வருகிறது, அதுதான் சங்கடமாக இருக்கிறது. அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் தனியாக எழுதி, நாடகம் முடிந்ததும் நிர்வாகத்தில் ஒருவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்று கடிதத்தில் சேர்த்திருக்கிறோம். மேடம் சொன்ன மின்னஞ்சலும் போட்டேன். தவிர்க்க வேண்டிய தலைப்புகள் என்று எதுவும் எழுதி வரவில்லை, 'நேரத்துக்கு முடிக்கவும்' என்று மட்டும் பதில் வந்தது.

அந்த மாணவி கூட்டத்துக்கு வந்திருந்தாள். முடிந்து வெளியே வரும்போது தயங்கித் தயங்கி, அப்போ ஆட்டம் வேண்டாம்தானே, நிரலிலிருந்து எடுத்துவிடவா என்று கேட்டேன். "ஆடமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? இருபது நிமிஷம் வேணும், நாலு நிமிஷத்துல பாட்டை வெட்டச் சொல்லக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னாடி அது எதுக்கு ஆடுறதுன்னு நான்தான் சொல்வேன், உங்க காம்பியர் இல்ல" என்றாள். இருபது நிமிடம் போட்டிருக்கிறேன்.

மூன்றாம்_மாடி அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. டேப் எடுத்துப்போய் மேடையை அளந்தேன். 70 செ.மீ. உயரம். 1:12 என்றால் 8.4 மீட்டர் சாய்தளம் வேண்டும், பக்கவாட்டில் அவ்வளவு இடம் இல்லை, கதவுக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் மேடையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கீழே தரையிலேயே, மூன்று பக்கமும் நாற்காலி போட்டு நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஃபோரம் நாடகத்துக்கும் அதுதான் வசதி, ஏறி இறங்க வேண்டாம். ஆனால் அலுவலகத்தில் மேடை இல்லையென்றால் முதல்வரை எங்கே உட்காரவைப்பீர்கள் என்று கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?


மூன்றாம்_மாடி எழுதியது:

கீழேதான், எல்லோரோடும். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரிசை ஓரத்தில் இரண்டு நாற்காலியை எடுத்துவிட்டு இடம் விடு, கடைசி வரிசைக்குப் பின்னால் ஒதுக்காதே. அப்புறம் தரையில் போகும் மைக் வயரையெல்லாம் டேப் போட்டு அழுத்தி ஒட்டு, போன தடவை என் சக்கரத்தில் ஒன்று சிக்கி ஸ்பீக்கரே சாய்ந்தது.